துணி அலமாரியில் எட்டு உருண்டைகள்

நான் பயந்தவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் சர்வீஸ் செய்கிறவன், பத்து மாடி உயரத்தில் பெட்டியின் கூரைமேல் நிற்கிறவன், எப்படிப் பயந்தவனாக இருக்க முடியும் என்று கேட்பார்கள். பயந்தவன்தான் அந்த வேலையில் உயிரோடு இருப்பான். இடுப்பு பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பேன், மூன்றாவது முறை கையால் தடவிப் பார்ப்பேன், அதற்குப் பிறகும் கீழே இருக்கிறவனைக் கூப்பிட்டு மெயின் ஆஃப்தானே என்று கேட்பேன். கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

என் மனைவி நேர் எதிர். ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். எந்தத் துணியைக் கொடுத்தாலும் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பாள். சரியென்றால் வைப்பாள், இல்லையென்றால் தூக்கிப் போடுவாள், அத்தோடு மறந்துவிடுவாள். ஏழாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தவள், "நம்ம புள்ளைக்கு கடையில விக்கிற டயப்பர் வேணாம். துணிதான்" என்றாள். அவள் வேணாம் என்றால் வேணாம்தான்.

நான்கு நாளில் ஆறு துணி டயப்பர் பார்சலில் வந்தன. வெளியே தண்ணீர் இறங்காத துணி, உள்ளே மெத்தென்ற துணி, நடுவில் பை மாதிரி ஒரு திறப்பு. அந்தத் திறப்புக்குள் பட்டையாக மடித்த தடித்த துணியைச் செருக வேண்டும். முன்பக்கம் வரிசையாகப் பட்டன்கள். குழந்தை வளர வளர பட்டனை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். என் மனைவி ஆறையும் உள்ளே வெளியே திருப்பித் தையலைப் பார்த்துவிட்டு, பாஸ் என்றாள். கூட வந்த காகிதத்தை நான் படித்தேன். முதல் தடவை கட்டுவதற்குமுன் குறைந்தது ஐந்தாறு முறை துவைத்துக் காய வைக்க வேண்டும், இல்லையென்றால் துணி ஈரத்தை உறிஞ்சாது என்று போட்டிருந்தது. நான் ஒன்பது முறை துவைத்தேன். மர்பி டவுனில் எங்கள் தெருவில் இருக்கிற எல்லோருக்கும் அந்த ஆறு டயப்பரும் பழக்கமாகிவிட்டன. எதிர்வீட்டு அம்மா, "இன்னாப்பா, புள்ள பொறக்கறதுக்கு முன்னாடியே இத்தினி வாட்டி நனைக்குதே" என்று கேட்டார்.

பிறந்தது ஆண் குழந்தை. இதற்கு முன்னால் ஒன்று மூன்றாம் மாதத்திலேயே தங்காமல் போயிருந்தது. அதனால் இவன் கையில் வந்ததும் சந்தோஷம் ஒரு நிமிடம்தான் இருந்தது, அப்புறம் அவன் மூச்சை எண்ண ஆரம்பித்துவிட்டேன். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா இரண்டு விஷயம் சொன்னார். லேசாக மஞ்சள் இருக்கிறது, பெரும்பாலான குழந்தைகளுக்கு இருப்பதுதான், கூடினால் உடனே வர வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறானா என்று பார்க்க வேண்டும். நான் இரண்டையும் கையில் எழுதிக்கொண்டேன். காகிதம் தேடப் பொறுமையில்லை.

வீட்டுக்கு வந்து முதல் காரியமாக அந்தத் துணி டயப்பரை மாட்டினோம். சின்ன அளவுக்குப் பட்டன் போட்டும் அவன் தொடைக்கும் துணிக்கும் நடுவே என் இரண்டு விரல் போனது. பத்து நிமிடத்தில் தொட்டில் நனைந்தது. ஒன்பது முறை துவைத்தவனுக்கு அழுகையே வந்தது.

என் அக்கா லிங்கராஜபுரத்தில் இருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். என் மாமியாரால் ஆம்பூரில் படுத்த படுக்கையாக இருக்கும் மாமனாரை விட்டு வர முடியவில்லை. எங்கள் அம்மாவும் இல்லை. அதனால் அக்காதான் தினமும் காலை பஸ் ஏறி வந்து குழந்தையைக் குளிப்பாட்டி, சமைத்து வைத்துவிட்டு, மாலையில் திரும்பிப் போவாள். வீட்டுக்கு வந்த மறுநாள் காலை அவள் ஒரு மூட்டையோடு வந்தாள். அவிழ்த்தால் அத்தனையும் லங்கோடு. பழைய மல்வேட்டியிலும் நூல் புடவையிலும் சதுரம் சதுரமாகக் கிழித்து ஓரம் தைத்தவை. அவளுடைய பெரியவனுக்குக் கட்டி, சின்னவளுக்குக் கட்டி, பிறகு என் குழந்தைக்கென்று ஒன்பது வருடம் சூட்கேஸில் எடுத்து வைத்திருந்தாள்.

எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போட மாட்டார்கள். நன்றாக வளர்ந்த இன்னொரு பிள்ளையின் பழந்துணியைத்தான் முதலில் கட்டுவார்கள். அக்காவின் இரண்டு பிள்ளைகளும் காய்ச்சல் என்று படுத்ததே குறைவு. அதனால் அந்த மூட்டையைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"வெந்நீர்ல ரெண்டு வாட்டி அலசி மொட்டமாடி வெயில்ல போட்டு எட்த்துனு வந்தேன்" என்றாள் அக்கா. "இவனுக்கு தொடையில கொஞ்சம் சதை போடட்டும். அப்புறமா உங்க பட்டன் வெச்சத மாட்டுங்க."

முக்கோணமாக மடித்து, நடு முனையைக் காலுக்கிடையில் கொண்டுவந்து, பக்கத்து முனைகளை இடுப்பில் முடிய வேண்டும். இறுக்கினால் தொப்புள் புண்ணில் உரசும், தளர்த்தினால் வழியும். எனக்குக் குழந்தைமேல் கை வைக்கப் பயம். அல்சூர் மார்க்கெட்டில் கூட்டுக்காக வாங்கி வந்த சுரைக்காயை எடுத்து வைத்து அதற்குக் கட்டிப் பழகினேன். அக்கா சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலை தெறித்தது. என் மனைவி தையல் வலிக்கிறது, சிரிக்க வைக்காதே என்று கத்தினாள். பத்து தடவைக்குப் பிறகு சுரைக்காய்க்குச் சரியாக வந்தது. பிறகு பையனுக்கும் வந்தது.

அன்று சாயங்காலம் அக்கா போன பிறகு நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

எங்கள் வீடு தரைத்தளம். பக்கத்திலேயே சாக்கடை. எவ்வளவு ஃபினாயில் போட்டுத் துடைத்தாலும் கரப்பான் வரும். துணி மடித்து வைக்கிற மர அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு கரப்பானைப் பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான். அது லங்கோடு மேல் ஊர்ந்தால், அந்தத் துணியை அவனுக்குக் கட்டினால், ஏதாவது கடித்தால், தொப்புளில் சீழ் வைத்தால் என்று யோசனை ஒன்றைப் பிடித்து ஒன்று ஓடியது. செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். ஒரு பாக்கெட் அந்துருண்டை வாங்கி வந்தேன். லங்கோடு நான்கு அடுக்காக இருந்தது. அடுக்குக்கு இரண்டு என்று எட்டு உருண்டையைத் துணித்துண்டில் முடிந்து அடியில் செருகினேன். அவன் போர்வையும் குல்லாவும் அதே தட்டில்தான் இருந்தன. மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால், ஒரு கரப்பானுக்கா இவ்வளவு என்று கேலி செய்வாள். முடிச்சுகள் வெளியே தெரியாதபடி பின்பக்கம் தள்ளி வைத்துவிட்டு, அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

வாசனை யாருக்கும் தெரியாதா என்றால், தெரிந்தது. அக்காவின் மூட்டை வந்தபோதே அந்த வாசனை லேசாக அதில் இருந்தது. சூட்கேஸில் அவளும் போட்டு வைத்திருந்தாள். எங்கள் வீடுகளில் அது கெட்ட வாசனை இல்லை. கல்யாணப் புடவையின் வாசனை, பண்டிகைச் சட்டையின் வாசனை, சுத்தத்தின் வாசனை. என் மனைவி ஒரு லங்கோட்டை முகத்தில் வைத்து, "நல்லா வாசனையா இருக்குது" என்றுகூடச் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

நான்கு நாள் எல்லாம் சரியாகப் போனது போலத்தான் இருந்தது. காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டு வந்தேன். ஒரு நாளைக்கு ஆறு கோடு, ஏழு கோடு, எட்டு கோடு. நனைந்த துணியை அலசி, வெந்நீரில் முக்கி, வெயிலில் போட்டு, மடித்து அடுக்கில் வைத்தேன். பத்து நாள் லீவில் இருந்த எனக்கு அதுதான் வேலை. காலை வெயிலில் வாசல்படியில் குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருப்பேன். மஞ்சள் குறைகிறதா கூடுகிறதா என்று அவன் மூக்கை அழுத்தி அழுத்திப் பார்ப்பேன். நாள் முழுக்கப் பார்க்கிறவன் கண்ணில் எது சரியாகத் தெரியும்? குறைவது போலவும் இருக்கும், கூடுவது போலவும் இருக்கும். எட்டாம் நாளுக்கு முந்தைய மாலை அவன் பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தான். சமர்த்து என்று சொல்லிக்கொண்டோம்.

எட்டாம் நாள் காலை ஒன்பது மணி இருக்கும். துணியை அவிழ்த்தேன். வெள்ளை மல்துணியில் நனைந்த இடம் டீ டிக்காஷன் நிறத்தில் இருந்தது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பயம் வரும்போதெல்லாம் எனக்குக் கோபமாகத்தான் வரும். "அக்கா, நான் ஊறப் போட்டதுல எந்தத் துணிய கொண்டாந்து போட்ட? சாயம் எறங்கி இருக்குது பாரு" என்று கத்தினேன். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். துணியை வாங்கி வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். ஒரு ஓரத்தை நனைத்துப் பிழிந்து பார்த்தாள்.

"சாயம் இல்லடா" என்றாள் கடைசியில். "ஒண்ணுக்குதான் இந்தக் கலரு."

என் மனைவி குழந்தையின் இமையை விரலால் விலக்கினாள். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. காலைக் கிள்ளினாள். அவன் அழவில்லை, முகத்தை மட்டும் சுளித்தான். அவள் என்னைப் பார்த்தாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. அக்காதான் தெருமுனைக்கு ஓடி ஆட்டோவைக் கூட்டி வந்தாள். ஒரு கட்டுச் சுத்தமான லங்கோட்டையும் அந்த நனைந்த துணியையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டதும் அவள்தான். எனக்கு அது தோன்றியிருக்காது.

ஆஸ்பத்திரியில் குழந்தையை மேஜையில் கிடத்தினார்கள். நர்ஸம்மா இடுப்பு முடிச்சை அவிழ்க்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். துணியை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு எங்கள் மூன்று பேரையும் பார்த்து, "நுசி குளிகே இட்டித்தீரா?" என்று கன்னடத்தில் கேட்டார். அந்துருண்டை போட்டு வைத்தீர்களா என்று அர்த்தம். கன்னடம் எனக்குத் தமிழ் போலத்தான். ஆனாலும் புரியாதவன் மாதிரி நின்றேன்.

அக்காதான் பேசினாள். "என் பெட்டியில போட்டிருந்தேம்மா. துணி கெட்டுப் போவக் கூடாதுன்னு. ஏன், இன்னா ஆச்சி?"

டாக்டரம்மா கவரிலிருந்த நனைந்த துணியைப் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு எங்களுக்குப் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். "சில குழந்தைங்க ரத்தத்துல பாதுகாப்புக்கு இருக்க வேண்டிய ஒரு பொருள் பிறப்புலயே கம்மியா இருக்கும். வெளிய பாத்தா தெரியாது. அந்தக் குழந்தைங்களுக்கு இந்த உருண்டை வாடை பட்டாலே போதும், தோல் வழியா, மூச்சு வழியா உள்ள போயி ரத்த அணுவை உடைச்சிடும். உடைஞ்சதுதான் இப்படி கலரா வெளிய வருது. மஞ்சளும் அதனாலதான் ஏறுது. டெஸ்ட் வரட்டும். ஆனா எனக்கு அதுதான்னு தோணுது."

"ஏறினா இன்னா ஆவும் மேடம்?" என்று கேட்டது என் மனைவி.

"ரொம்ப ஏறினா மூளையைப் பாதிக்கும். லைட்ல வைக்கிறோம். குறையலைன்னா உடம்புல இருக்கிற ரத்தத்தை எடுத்துட்டு வேற ரத்தம் ஏத்தணும். கையெழுத்து போடுங்க."

கையெழுத்து நான்தான் போட்டேன். என் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டேன்.

குழந்தையைக் கண்களைக் கட்டி, நீல விளக்குக்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில் படுக்க வைத்தார்கள். இடுப்பில் ஆஸ்பத்திரி டயப்பர். எட்டு உருண்டை, எட்டு உருண்டை என்று என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சொல்லியிருக்கலாம். நர்ஸம்மா கேட்டபோது சொல்லியிருக்கலாம், டாக்டரம்மா சொல்லி முடித்ததும் சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கா முந்திக்கொண்டாள், நான் அந்த மறைவில் நின்றுகொண்டேன். டாக்டருக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது, யார் போட்டால் என்ன, வைத்தியம் ஒன்றுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எனக்கு என் மனைவியின் முகத்தை நினைத்துப் பயம்.

மத்தியானம் டெஸ்ட் வந்தது. டாக்டரம்மா சந்தேகப்பட்டது சரி. இது பெரும்பாலும் அம்மா வழியாகப் பிள்ளைக்கு வருவது, இதில் யாருடைய தப்பும் இல்லை என்றார். கடைசி வார்த்தை என் மனைவி காதில் ஏறவே இல்லை. வார்டு வாசலில் சுவரில் சாய்ந்துகொண்டு, "என் ரத்தத்திலேருந்துதான் வந்துச்சாம்" என்றாள். "நான்தான் துணி துணின்னு ஆடினேன். எல்லாரும் கட்டற டயப்பரை கட்டியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது." கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க அக்காவை உள்ள வர வேணாம்னு சொல்லு. அவங்க மூஞ்சியைப் பாத்தா எனக்கு வாயில ஏதாச்சும் வந்துடும்" என்றாள்.

நான் போய்ச் சொன்னேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் சொன்னேன். "அவ கொஞ்சம் மனசு சரியில்லாம இருக்கறாக்கா. நீ இப்ப உள்ள வராத." அக்கா தலையாட்டினாள். வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு, அலமாரியில் இருக்கிற குழந்தைத் துணியையெல்லாம் அப்புறப்படுத்தச் சொல்லியிருக்கிறார்களே, அதைச் செய்துவிட்டு ஃபிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுவருகிறேன் என்று போனாள். சாவி கைமாறியபோதுகூட எனக்குப் புத்தி வரவில்லை. அலமாரியைத் திறந்தால் அவளுக்குத் தெரிந்துவிடுமே என்று அப்போது தோன்றவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறி இறங்குகிற அவன் நெஞ்சைத் தவிர வேறு எதுவும் என் மனதில் இல்லை.

மாலையில் அக்கா திரும்பி வந்தாள். முகம் கழுவிப் பொட்டு வைத்திருந்தாள். துணி எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டேன், அலமாரியைக் கழுவித் திறந்து வைத்திருக்கிறேன் என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. வார்டுக்கு வெளியே, தண்ணீர் ஃபில்டருக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு நாற்காலி கிடந்தது. அதில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாளும் அப்படியே போனது. அக்கா காலையில் சாப்பாட்டோடு வந்தாள், நாற்காலியில் உட்கார்ந்தாள், நான் டிபன் கேரியரை வாங்கி உள்ளே கொண்டுபோனேன். என் மனைவி சாப்பிட்டாள். யார் சமைத்தது என்று கேட்கவில்லை. மஞ்சள் அன்று காலை கொஞ்சம் குறைந்தது, மத்தியானம் மறுபடி ஏறியது. ரத்தம் மாற்றுவதற்குத் தயாராக இருக்கச் சொன்னார்கள். தொப்புள் வழியாகக் குழாய் விடுவார்களாம். அந்தத் தொப்புளுக்குப் பயந்துதானே நான் கடைக்கு ஓடினேன். அப்போது எனக்கு ஒரு எண்ணம் வந்தது. நான் வாயைத் திறக்காதவரை அவனுக்குக் குறையாது. டாக்டர் என்ன செய்தாலும் குறையாது. இதில் அறிவு எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த எண்ணம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது, விடவில்லை.

வெளியே போனேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் தரையில் அவள் கால்மாட்டில் உட்கார்ந்தேன்.

"அக்கா, உன் பெட்டி இல்லக்கா. நான்தான் போட்டேன். எட்டு உருண்டை. கரப்பானுக்காக."

அவள் என்னைப் பார்க்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"எப்டி தெரியும்?"

"நேத்து அலமாரியத் தொறந்தேனே. முடிச்சுங்கள பாத்தேன். வெள்ளையா புதுசா முழுசு முழுசா இருந்திச்சி. நான் போட்டதெல்லாம் எப்பவோ கரைஞ்சி போச்சி. எட்டையும் எட்த்து சாக்கடையில போட்டேன்."

"அப்புறம் ஏங்க்கா சொல்லல? அவ உன்னை உள்ளயே வுடல."

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவ பச்ச உடம்புக்காரி. புள்ளைய கண்ணாடிக்குள்ள வெச்சிட்டு உக்காந்து இருக்கறா. அவளுக்கு இப்ப யாரையாச்சும் ஒருத்தரை வெறுக்கணும். உன்னை வெறுத்தா அவ எங்கடா போவா? ஒரே வூட்டுல உன் மூஞ்சியில முழிக்கணும். என்னை வெறுத்தா இன்னா? நான் பஸ் ஏறி என் வூட்டுக்குப் போயிடுவேன்."

நான் அவள் முழங்காலில் தலையை வைத்து அழுதேன். ஆஸ்பத்திரி வராந்தாவில், போகிறவர் வருகிறவர் பார்க்க, முப்பத்து மூன்று வயது ஆண்பிள்ளை அழுதேன். அக்கா என் முதுகில் ஒரு அடி போட்டாள். உண்மையாகவே வலிக்கிற அடி. "அழுவறத அப்புறம் வெச்சிக்க" என்றாள். "சொல்லணும்னு தோணிச்சின்னா போயி அவகிட்ட சொல்லு. எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோசனம்?"

உள்ளே போனேன். என் மனைவி கண்ணாடிப் பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டுக் குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. கரப்பான், கடை, நான்கு அடுக்கு, எட்டு உருண்டை, சொல்லாமல் மறைத்தது, அக்கா பழியை ஏற்றுக்கொண்டது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குழந்தையின் பாதத்திலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"அவங்களை உள்ள கூட்டினு வா" என்றாள். "நீ வெளிய இரு."

அந்த இரும்பு நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். கதவு மூடியிருந்தது. உள்ளே இரண்டு பேரும் அழுவது கேட்டது, பிறகு கேட்கவில்லை. சாயங்காலம் நர்ஸம்மா வெளியே வந்து, ரத்தம் மாற்ற வேண்டாம், இறங்க ஆரம்பித்துவிட்டது என்று என்னிடம் சொன்னார். எழுந்து உள்ளே ஓடப் பார்த்தேன். கதவைத் தொட்டதும் அவள் சொன்னது நினைவு வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன்.

அதன்பிறகு மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. மருந்துச் சீட்டைக்கூட அக்கா வழியாகத்தான் கொடுத்தாள். ஒருநாள் கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். குழந்தை அவள் மடியில் இருந்தான், கண் கட்டை எடுத்திருந்தார்கள், வாயைக் கோணிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அவன் அழுவதைப் பார்த்து நான் சிரித்தேன்.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று டாக்டரம்மா ஒரு சீட்டு கொடுத்தார். இவன் வாழ்நாள் முழுக்கத் தவிர்க்க வேண்டிய மருந்துகள், பொருட்கள் எல்லாம் அதில் இருந்தன. எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைக் காட்டுங்கள் என்றார். பிறகு, "டிக்காஷன் கலரைப் பாத்த உடனே வந்தீங்க, அதுதான் இவனைக் காப்பாத்திச்சு" என்று என் மனைவியிடம் சொன்னார். வெள்ளைத் துணியாக இருந்ததால் தெரிந்தது, வேறெதுவாக இருந்தாலும் இன்னும் ஒருநாள் போயிருக்கும் என்றார்.

பழைய துணி இனி வேண்டாம் என்று அக்கா புது மல்துணி வாங்கி, தானே கிழித்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, மாடியில் காயவைத்துக் கொண்டுவந்திருந்தாள். எங்கள் பக்கத்து வழக்கத்தை இந்தத் தடவை அவளே மீறினாள். வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் குழந்தையைக் கிடத்தி இரண்டு பேரும் ஆஸ்பத்திரி டயப்பரைக் கழற்றினார்கள். நான் வாசலிலேயே நின்றேன். துணியை மடிக்கப் போன அக்காவின் கையை என் மனைவி பிடித்து நிறுத்தினாள்.

"வா" என்றாள் என்னைப் பார்த்து. "நீ கட்டு."

"வேணாம். எனக்கு பயமா இருக்குது."

"எனக்குந்தான் பயமா இருக்குது" என்றாள். "கட்டு."

போனேன். முக்கோணமாக மடித்தேன். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. யாரும் உதவவில்லை, யாரும் சிரிக்கவில்லை. முடித்துவிட்டு நிமிர்வதற்குள் அவன் நனைத்துவிட்டான். அவசர அவசரமாக அவிழ்த்து, அந்தத் துணியை ஜன்னலருகே கொண்டுபோய் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தேன். என் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்று, குனிந்து பார்த்தாள். ஈரம் மட்டும்தான் இருந்தது. நிறமே இல்லை.